நம் காட்டில் குழாய், கல்குவாரி, வெள்ளைக்கல்: சேலத்துக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஓமலூர் வட்டம், மானாவாரிக் காடு

எங்கள் காட்டின் குறுக்கே ஒரு குழாய் போகிறது. அதனால் ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது என்னைப் பிடித்துக்கொண்டு, "சேலத்தில் கேஸ் எடுக்கப் போகிறார்களாமே?" என்கிறார்கள். அந்த வதந்தியை முதலில் தீர்த்துவிடுகிறேன். நம் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. கேஸ் எடுப்பதெல்லாம் நரிமணம், குத்தாலம் பக்கம், காவிரிப் படுகையின் படிவுப் பாறைகளில். நம் பக்கம் அதைக் கொண்டு போகத்தான் வருகிறார்கள்.

கொச்சி-பெங்களூரு எரிவாயுக் குழாய்ப் பிரச்சினை நினைவிருக்கும். கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டம், 310 கிலோமீட்டர். விளைநிலத்தில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று 2013இல் மாநில அரசு சொன்னது. அந்த உத்தரவு அதே வருடம் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

எங்கள் காட்டுக் குழாய் யாருடையது என்பதை விடுங்கள். கேஸோ பெட்ரோலோ, 1962ஆம் வருடக் குழாய்ச் சட்டம்தான். நிலத்தை வாங்க மாட்டார்கள். பட்டா நம் பேரில் இருக்கும், கிஸ்தி நாம்தான் கட்ட வேண்டும். அவர்கள் எடுத்துக்கொள்வது 'உபயோக உரிமை' மட்டும். குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு, தொட்டி கூடாது, மரம் வைக்கக் கூடாது. சோளம், நிலக்கடலை போடலாம். தென்னையும் பாக்கும் நட நினைத்தவர்கள் அந்தப் பட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

அறிவிக்கை வந்தால் ஆட்சேபம் எழுத 21 நாள் உண்டு. எங்கள் ஊரில் பாதிப் பேர், "தபால்தானே" என்று பரணில் போட்டுவிட்டார்கள். இழப்பீடு இரண்டு வகை. பயிர், மரம், கிணறு சேதத்துக்கு ஒன்று. உபயோக உரிமைக்கு என்று தனியாக, அறிவிக்கை தேதியில் இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம். தொகை பிடிக்காவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம்.

சேதப் பட்டியல் எழுத வந்த பையன், நாற்பது வருட வேப்ப மரத்தை 'வேம்பு, சிறியது' என்று எழுதினான். வி.ஏ.ஓ.வை வரவழைத்து, டேப் வைத்துச் சுற்றளவு அளந்து, அடங்கலில் (வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்க் கணக்கில்) மரக் கணக்கு ஏற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தொகைக்கும் பக்கத்துக் காட்டுத் தொகைக்கும் இருந்த வித்தியாசம் முழுக்க அந்த ஒரு சாயங்கால வேலையில் வந்தது.

தாரமங்கலம்

அண்ணா, ஒரு சந்தேகம். குழாய் போன நிலத்தை விற்க முடியுமா? எங்கள் பெரியப்பா விற்கப் போனால், பார்க்க வருகிறவர்கள் குழாய் போகும் இடத்தைக் காட்ட நட்ட மஞ்சள் கல்லைக் கண்டதும் திரும்பிவிடுகிறார்கள்.

ஓமலூர் வட்டம், மானாவாரிக் காடு

தாராளமாக விற்கலாம் தம்பி. ஆனால் பத்திரத்தில் குழாய் விவரத்தை எழுதியே ஆக வேண்டும், மறைத்து விற்றால் நாளைக்கு வழக்கு வரும். பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: பட்டை எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் போகிறது என்று எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படத்தில் குறித்துக் காட்டினால் வாங்குகிறவர் பயம் பாதி குறையும். மொத்தக் காடும் போச்சு என்று நினைத்துத்தான் ஓடுகிறார்கள்.

வாழப்பாடி பக்கம், பாக்குத் தோப்பு

எங்களுடையது கல்குவாரிக் கதை. மாமனார் காலத்துக் கரடு, பட்டா நிலம்தான். ஏஜென்ட் வந்து, "அக்கா, ஆடுகூட மேயாத பாறை, வருசத்துக்கு ஒரு தொகை வாங்கிட்டு நிம்மதியா இருங்க" என்றார். அவ்வளவு உபயோகமில்லாத பாறைக்கு இவர் ஏன் மூன்று முறை வண்டி போட்டுக்கொண்டு வருகிறார் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி!

பட்டா நம் பேரில் இருந்தாலும் குவாரி அனுமதி கலெக்டர்தான் தர வேண்டும். சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் வேண்டும். தோண்டும் கல்லுக்கான சீனியரேஜ் கட்டணம் அரசாங்கத்துக்குப் போகும். நிலத்துக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பதை எந்த விதியும் சொல்லாது, நாம் பேசி எழுதுவதுதான்.

நாங்கள் வருடத் தொகைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லோடுக்கு இவ்வளவு என்று பேசினோம். லோடு கணக்கை யார் பார்ப்பது? கேட்டில் ஆள் போட்டு நோட்டில் எழுதினால் சண்டைதான் மிச்சம். அதனால், ஒவ்வொரு லோடுக்கும் லாரியோடு போகும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டின் நகலை மாதாமாதம் எங்களிடம் தர வேண்டும் என்று பத்திரத்திலேயே சேர்த்தோம். சீட்டில் உள்ளதைவிட டிப்பரில் அதிகம் ஏறும் என்பது ஊருக்கே தெரிந்த விசயம். அதனால் குழியை வருடம் ஒரு முறை அளந்து ஒப்பிடுவது என்றும் எழுதினோம். இந்த வரியைப் பார்த்து முதலில் வந்த ஏஜென்ட் போய்விட்டார். அடுத்து வந்தவர் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்துப் பட்டா நிலத்திலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் தோண்ட வேண்டும், ஊர்க் குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எல்லைக் கல்லை சர்வேயர் வைத்து நட்டு போட்டோ எடுத்து வைத்தோம். வெடி ஆரம்பிக்கும் முன்பே சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களையும் கிணறுகளையும் படம் எடுத்ததுதான் பெரிய உதவி. விரிசல் விட்டதாகக் கொழுந்தனார் வீட்டில் பஞ்சாயத்து வந்தபோது, எது பழைய விரிசல், எது புதியது என்று படத்தைப் பார்த்தே பேசி முடித்தோம். புதியதற்குக் குவாரிக்காரர் பூச்சு வேலை செய்து கொடுத்தார்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தவர்கள் இன்னும் அலைகிறார்கள்.

ஆட்டையாம்பட்டி, இப்போது பிட்ஸ்பர்க்

இங்கே பென்சில்வேனியாவில் கேஸ் ஒரு மைலுக்கும் கீழே, மார்செல்லஸ் என்ற களிப்பாறையில் இருக்கிறது. நம்மூரில் பெட்ரோலியம், கேஸ் உரிமை அரசாங்கத்தின் கையில். இங்கே நிலத்துக்காரருக்கே சொந்தம். அதைக் கேட்டுப் பொறாமைப்பட வேண்டாம், கீழே உள்ளதை மட்டும் தனியாக விற்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவரின் நிலத்தில் அப்படித்தான், தாத்தா காலத்திலேயே யாரோ விற்றுவிட்டார்கள். துளை போட வழி விட வேண்டியது இவர், காசு வேறொருவருக்கு.

உரிமை கையில் உள்ளவர்களுக்கு ராயல்டி எட்டில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று 1979இல் மாநிலச் சட்டம் போட்டார்கள். ஆனால் வாயுவைச் சுத்திகரித்துச் சந்தைக்குக் கொண்டு போகும் செலவைக் கழித்துவிட்டு அந்த எட்டில் ஒரு பங்கைக் கணக்கிடலாம் என்று 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'கழிவு இல்லாமல்' என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதி வாங்கியவர்களுக்கு ஒரு மாதிரி செக் வரும், எழுதாதவர்களுக்கு வேறு மாதிரி. வாழப்பாடி அக்கா இங்கே இருந்திருந்தால் நன்றாகச் சம்பாதித்திருப்பார்.

மாமாங்கம், வெள்ளைக்கல் மேட்டுக்குக் கீழே

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில், சட்டப்படி பறிக்கப்படாதவரை கனிம உரிமை பொதுவாக நிலத்துக்காரருக்கே என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்ததும் எங்கள் தெருவில் பட்டாசு வெடிக்காத குறை. நூறு வருடத்துக்கும் மேலாக வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், தோண்டிய மேடாயிற்றே! வக்கீல் ஒருவர் நிதானமாக விளக்கினார்: உரிமை யாருடையதாக இருந்தாலும் அரசாங்கக் குத்தகை இல்லாமல் தோண்ட முடியாது. அதிலும் எங்கள் மேட்டில் கூத்து வேறு. மாக்னசைட் பெருங்கனிமம், அதற்கு மத்திய அரசின் விதி. அதோடு ஒட்டிக் கிடக்கும் டூனைட் என்ற பாறையை 2015இல் சிறுகனிமமாக்கிவிட்டார்கள், அதற்கு மாநில அரசின் விதி. ஒரே குழிக்கு இரண்டு விதிப் புத்தகம்.

குத்தகை எடுத்தவர் நம் நிலத்தில் இறங்கினால் மேல்மண் உரிமைக்கு இழப்பீடு தர வேண்டும். விவசாய நிலமாக இருந்தால் முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர வருமானம்தான் கணக்கு. எங்கள் சித்தப்பா மரவள்ளி போட்டவர், சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கிழங்கு இறக்கிய சீட்டை எல்லாம் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அதை அப்படியே மேசையில் வைத்தார், பேச்சு சீக்கிரம் முடிந்தது. அவரோடு போன இன்னொருவர் நிலத்தில் விளைச்சல் அதிகம், ஆனால் வியாபாரியிடம் கைக்காசாக வாங்கியவர். அடங்கலில் 'தரிசு' என்று இருந்ததால் இன்றுவரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். அந்த அடங்கலைத் திருத்த வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அவருக்குக் காட்ட வேண்டும்.