புதுப்பிப்பு: மின்வெட்டில் செயலிழந்த அம்மாவின் அபாயப் பொத்தான்

இங்கிலாந்தில் முதியோர் குடியிருப்பொன்றில் தனியே வசிக்கும் அம்மாவின் அபாயப் பொத்தான் (அழுத்தினால் தொலைபேசி வழியே கண்காணிப்பு மையத்துக்கு அழைப்புச் செல்லும் கருவி) மின்வெட்டில் செயலிழந்தது பற்றிக் கேட்டிருந்தேன், உதவியவர்களுக்கு நன்றி. பொத்தானின் அழைப்பை அனுப்பும் பெட்டிக்குள் மின்கலம் இருந்தாலும், தொலைபேசி இணையவழிக்கு மாறியபின் ரௌட்டர் அணைந்தாலே இணைப்பு அறுந்துவிடும் என்று ஒருவர் ஊகித்ததே சரி. ரௌட்டருக்கான மாற்று மின்கலத்துக்கு ஆஃப்காம் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) கோருவது குறைந்தது 1 மணி நேரம் மட்டுமே என்பதால் அதை நம்பாமல், இன்னொருவர் சொன்னபடி சிம் அட்டையுள்ள பெட்டிக்கு மாறினோம். கண்காணிப்பு மையத்திடம் முன்பே சொல்லிவிட்டு மின்சாரத்தை நிறுத்திச் சோதித்தபோது அழைப்பு உடனே சென்றது.

எதிர்பாராதது ஒன்று: மின்கட்டணத்தை நிர்வாகமே செலுத்துவதால் அம்மாவின் பெயரில் கணக்கே இல்லை, ஆயினும் மின்தடையின்போது கூடுதல் உதவி தேவைப்படுவோருக்கான முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் மின்வலையமைப்பு நிறுவனத்திடமே நேரடியாக, இலவசமாகப் பதிய முடிந்தது. மின்தடை பற்றிக் கேட்பதற்கான 105 என்ற எண்ணை அழைக்க, மின்னேற்றிய பழைய கைபேசி ஒன்றையும் அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறோம்.