பட்டமா, தொழிற்பயிற்சியா? பதினெட்டு வயதில் எதை நம்பிச் சேர்வது?

இளங்கதிர் (தொடக்கப் பதிவு)

வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. மதிப்பெண் மோசமில்லை, பிரமாதமும் இல்லை. மின் பொறியியல் பட்டப்படிப்பு நான்கு வருடம், எலக்ட்ரீசியன் தொழிற்பயிற்சி இரண்டு வருடம். இரண்டிலும் எனக்கு இடம் கிடைக்கும். கையால் செய்யும் வேலை பிடிக்கும். ஒரு மோட்டாரைப் பிரித்து உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. கணக்கும் ஓரளவு வரும், ஆனால் எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாவிட்டால் மனம் ஒட்டாது. "முதலில் டிகிரி வாங்கு, அப்புறம் உனக்குப் பிடித்ததைச் செய்" என்கிறார் அப்பா. தொழிற்பயிற்சியில் சேர்ந்தால் பிற்பாடு வருத்தப்படுவேனா? இரண்டு வழியிலும் போனவர்கள் சொல்லுங்கள்.

பேனல்போர்டு

தம்பி, நான் பயிற்சி வழியில் வந்தவன். இப்போது ஆலைகளுக்கு கன்ட்ரோல் பேனல் கட்டிக் கொடுக்கிறேன். நேராகவே சொல்கிறேன்: பயிற்சியில் சேர்.

"முதலில் டிகிரி" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நான்கு வருடமும் சம்பளம் கிடையாது, கட்டணம் வேறு கட்ட வேண்டும். அதே நான்கு வருடத்தில் பயிற்சிக்குப் போனவனுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் சேர்ந்திருக்கும். சரி, பட்டம் வாங்கினால் பட்டத்துக்கு ஏற்ற வேலை கிடைக்கிறதா? அமெரிக்காவில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி இதைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. புதிதாகப் பட்டம் பெற்று வேலையில் இருப்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர், பட்டமே தேவைப்படாத வேலையைத்தான் பார்க்கிறார்கள்.

வேலை கேட்டு என்னிடம் வரும் பட்டதாரிகளை ஒரு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு, அதாவது பெரிய மோட்டாரைக் குறைந்த மின்னோட்டத்தில் ஓட ஆரம்பிக்க வைக்கும் அமைப்புக்கு, வயரிங் போடச் சொல்வேன். வரைபடம் அழகாக வரைவார்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரில் எந்த முனைக்கு எந்த ஒயர் என்று வரும்போது திணறுகிறார்கள். அவர்கள் திறமையில்லாதவர்கள் அல்ல. நான்கு வருடத்தில் யாரும் அவர்களைத் தொட விடவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குக் கோபம்.

கரும்பலகை

இளங்கதிர், நான் கல்லூரி ஆசிரியர். அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

பேனல்போர்டு சொல்லும் கணக்கு முதல் பத்து வருடத்துக்குப் பொருந்தும். ஆனால் நீங்கள் நாற்பது வருடம் வேலை செய்யப் போகிறீர்கள். எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மன் முதலான பொருளியலாளர்கள் 11 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளம் வயதில் வேலை சுலபமாகக் கிடைக்கிறது. வயது ஏற ஏற அந்த அனுகூலம் குறைந்து, பிற்காலத்தில் பொதுக்கல்வி பெற்றவர்களே கூடுதலாக வேலையில் இருக்கிறார்கள். ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்து என்று தொழிற்பயிற்சிக்குப் பெயர்போன நாடுகளில்தான் இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. மோசமான பயிற்சியால் வந்த விளைவு என்று இதை ஒதுக்க முடியாது.

குறிப்பிட்ட ஒரு கருவியை நன்றாகக் கையாளப் பழகுகிறோம். அந்தக் கருவி வழக்கொழிந்தால் புதியதைக் கற்க அடிப்படை வேண்டும். கல்லூரி தருவது அந்த அடிப்படை.

பேனல்போர்டு

ஐயா, அந்த ஆய்வுக்கான தரவு எப்போது எடுத்தது? 1990-களில். அன்று ஐம்பது வயதில் இருந்த தொழிலாளி பயிற்சி பெற்றது 1960-களில். அவருடைய கதையை வைத்து இன்று சேரப்போகும் பையனுக்கு எச்சரிக்கை விடுவது நியாயமா?

கருவி மாறினால் நாங்கள் தடுமாறுவோம் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் துறையிலேயே பாருங்கள். ஒரு காலத்தில் ஆலைக் கட்டுப்பாடு முழுவதும் ரிலேக்கள்தான் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்), அலமாரி அலமாரியாக. 1960-களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ரிலேக்களுக்கு மாற்று கேட்டது. நிரல் எழுதி இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் ஆலைக் கணினியான பிஎல்சி பிறந்தது அப்படித்தான். அதற்கு நிரல் எழுதும் லேடர் முறையை ரிலே வரைபடம் மாதிரியே அமைத்தார்கள். ஏன்? ஆலையில் இருக்கும் எலக்ட்ரீசியன் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. இன்றும் பிஎல்சியில் லேடர்தான் எழுதுகிறோம். மாற்றம் வந்தபோது எங்களை ஓரங்கட்ட முடியவில்லை, எங்களுக்கு ஏற்றபடி புதிய கருவியை அமைக்க வேண்டியிருந்தது.

கரும்பலகை

தரவு பழையது என்பது சரியான கேள்வி. ஆனால் தொழில்நுட்பம் மாறும் வேகம் அன்றைவிட இன்று கூடியிருக்கிறது, குறையவில்லை. அப்படியிருக்க, அந்த ஆய்வின் எச்சரிக்கை இன்றைக்கு வலுவிழந்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பிஎல்சி உதாரணத்தை ஏற்கிறேன். நானும் ஒன்று சொல்கிறேன். ஒரு அலுவலகக் கட்டடத்தில் மின்சாரம் வரும் மூன்று பேஸ் ஒயர்களிலும் லோடு சமமாக இருக்கிறது, ஆனாலும் மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் சூடாகிறது. பழைய கணக்குப்படி நியூட்ரலில் மின்னோட்டமே இருக்கக் கூடாது. கட்டடம் முழுக்கக் கணினிகளும் எல்இடி விளக்குகளும். அவை உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் (வழக்கமான அதிர்வெண்ணைப் போல மூன்று மடங்கில் ஓடுபவை) ஒன்றையொன்று ரத்து செய்யாமல் நியூட்ரலில் வந்து கூடுகின்றன. இதை அறிந்தவர் நியூட்ரலின் அளவைக் கூட்டி வடிவமைப்பார். அறியாதவர் கனெக்ஷனை இறுக்கிவிட்டுப் போவார், அது மறுபடியும் சூடாகும். இந்த அறிவு, ஒரு அலையைப் பல எளிய அலைகளாகப் பிரிக்கும் கணக்கான ஃபூரியே தொடரிலிருந்து வருகிறது. இளங்கதிரின் கேள்விக்கு இதுதான் பதில்: அந்தக் கணக்கு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

பேனல்போர்டு

அந்த நியூட்ரலை நான் பார்த்திருக்கிறேன் ஐயா. கிளாம்ப் மீட்டரில் அளந்து, அளவு ஏன் ஒத்துவரவில்லை என்று தேடிப் படித்துத்தான் ஹார்மோனிக்ஸ் கற்றேன். பயிற்சிக்குப் போனவன் படிப்பதை நிறுத்திவிடுவான் என்று யார் சொன்னது? கேள்வி முதலில் வந்தது, பாடம் பின்னால் வந்தது. எனக்கு அந்த வரிசைதான் பொருந்தியது. இந்தத் தம்பி தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் அவனுக்கும் அதுதான் பொருந்தும்.

வெல்டர்மகள்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் அறிவைப் பற்றியே பேசுகிறீர்கள். உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் அப்பா வெல்டர். அவர் வேலையை நான் மதிக்கிறேன், அவர் போட்ட ஒட்டைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டதும் உண்டு. ஆனால் முழங்காலும் முதுகும் ஓய்வு வயது வரை காத்திருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அப்பா வேலை செய்த பட்டறையில் புகையை இழுக்கும் வசதியே இல்லை. எலக்ட்ரீசியன் வேலையில் வேறு ஆபத்துகள்: உயரம், ஷாக், ஆர்க் ஃபிளாஷ் (மின்பொறி வெடித்துத் தீக்காயம் உண்டாக்குவது).

பயிற்சிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை தம்பி. இருபது வயதில் ஏணியில் ஏறுவதைப் பற்றி மட்டும் யோசிக்காதே. ஐம்பது வயதில் அதே தொழிலுக்குள் எங்கே உட்காருவாய் என்று இப்போதே கேள். ஆய்வாளர், மேற்பார்வையாளர், பயிற்றுநர், சொந்த ஒப்பந்தம் என்று ஏதாவது ஒரு இடம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் போக என்ன லைசென்ஸ், என்ன தேர்வு என்று முதல் வருடமே தெரிந்துகொள். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பேனல்போர்டு

அக்கா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். பாதுகாப்புக்குச் செலவழிக்காத முதலாளியிடம் வேலைக்கு நிற்காதே தம்பி, எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும்.

கடல்தாண்டி

வேலைச் சந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். அந்தத் துறையில் செய்த பணிக்காக 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் சொன்னதன் சாரம்: விண்ணப்பிப்பவரின் திறமையை முதலாளியால் நேரில் பார்க்க முடியாது, அதனால் பட்டத்தை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். கல்லூரி எதுவுமே கற்றுத் தராவிட்டாலும் அந்த அடையாளம் வேலை செய்யும். இது எனக்குப் பிடித்த விஷயம் இல்லை. ஆனால் ஆயிரம் விண்ணப்பம் வரும் இடத்தில் பட்டம் இல்லாதவரின் தாளை யாரும் திறப்பதுகூட இல்லை.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இது இன்னும் கூர்மையாகும். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்குப் பொதுவாக இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். கனடா 2013-இல் கைத்தொழில் திறனாளிகளுக்கென்றே தனிக் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பட்டம் கட்டாயமில்லை, தொழில் அனுபவமும் மொழித்தேர்வும் முக்கியம். போக நினைக்கும் நாட்டைப் பொறுத்து உங்கள் கேள்விக்கான பதிலே மாறிவிடும்.

கரும்பலகை

இளங்கதிர், நாங்கள் எல்லோரும் பொதுவாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு இடம் கிடைக்கும் கல்லூரி எப்படிப்பட்டது? பயிற்சி நிலையம் எப்படிப்பட்டது? நேரில் போய்ப் பார்த்தீர்களா?

இளங்கதிர்

கல்லூரிக்குப் போனேன் ஐயா. சீனியர்களிடம் பேசினேன். மெஷின் லேபில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு மோட்டார், ஒருவர் செய்ய மற்றவர்கள் ரீடிங்கை எழுதிக்கொள்வார்களாம். சில பாடங்களுக்கு ஆசிரியர் பாதி செமஸ்டரில் மாறிவிட்டாராம். பயிற்சி நிலையத்தை இன்னும் பார்க்கவில்லை. ஒரு தொழிற்சாலையோடு ஒப்பந்தம் இருக்கிறது, வாரத்தில் சில நாள் அங்கேயே வேலை, உதவித்தொகையும் உண்டு என்று சொன்னார்கள்.

கரும்பலகை

அப்படியானால் என் வாதத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் பேசியது நன்றாக நடக்கும் கல்லூரியைப் பற்றி. நீங்கள் சொல்லும் கல்லூரியில் ஃபூரியே தொடர் தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடமாகி, மறுநாள் மறந்துபோகும்.

ஆனால் ஒன்றை விட மாட்டேன். பதினெட்டு வயதில் கணக்கை மூடி வைத்தால், இருபத்தைந்தில் திறப்பது மிகக் கடினம். சம்பளம் வர ஆரம்பித்திருக்கும், வீட்டில் பொறுப்பு வந்திருக்கும், மூளைக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மாலையில் படித்து மேலே வந்தவர்களை எனக்குத் தெரியும். பாதியில் விட்டவர்கள் அவர்களைவிட அதிகம்.

பேனல்போர்டு

சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் தொழிற்பயிற்சி வழியில்தான் போகிறார்கள். பயிற்சியோடு சேர்த்தோ முடித்த பிறகோ ஒரு தகுதித் தேர்வு எழுதினால் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேரலாம். யுபிஎஸ் வங்கியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த செர்ஜியோ எர்மோட்டி, வங்கி வேலையைத் தொடங்கியதே பயிற்சியாளராகத்தான். ஜெர்மனியில் மாஸ்டர் கைவினைஞர் தகுதியும் இளநிலைப் பட்டமும் தேசியத் தகுதி வரிசையில் ஒரே ஆறாம் நிலையில் இருக்கின்றன. பயிற்சிக்குப் போனால் கதவு மூடிவிடும் என்பது இயற்கை விதி இல்லை ஐயா. மூடுவது நாம்தான்.

கரும்பலகை

அங்கே அந்தக் கதவைச் சட்டம் போட்டுத் திறந்து வைத்திருக்கிறார்கள். அது எல்லா இடத்திலும் திறந்திருக்கும் என்று நம்பி ஒரு பையனை அனுப்பக் கூடாது. இவர் சேரப்போகும் நிலையத்தின் சான்றிதழை எந்தக் கல்லூரி ஏற்கிறது, நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர்க்குமா, கணக்குப் பாடம் தனியாக எழுத வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கட்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொன்னால் நம்ப வேண்டாம்.

வெல்டர்மகள்

இது நல்ல கேள்வி. கூடவே, போன வருடம் முடித்தவர்களில் நாலைந்து பேரின் தொலைபேசி எண்ணைக் கேள் தம்பி. கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில். அந்தத் தொழிற்சாலையில் பயிற்சியாளர்களுக்கு எந்த வேலை கொடுக்கிறார்கள் என்று அவர்களிடம் விசாரி. உண்மையில் கற்றுத் தருகிறார்களா, குறைந்த சம்பள ஹெல்ப்பராக வைத்துப் பெருக்கவும் தூக்கவும் விடுகிறார்களா? எத்தனையோ பிள்ளைகள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

பேனல்போர்டு

ஆமாம், அந்த ஏமாற்று நடக்கிறது, மறுக்கவில்லை. முன்கூட்டியே சொல்லாமல் ஒரு வேலை நாளில் மதியம் போய்ப் பார். ஒர்க்ஷாப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சிப் பலகையில் பழுதை உண்டாக்கிக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா என்று கேள். பழுது கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் சம்பளத்தைத் தீர்மானிக்கும். புது வயரிங்கை யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம்.

இளங்கதிர்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த வாரம் பயிற்சி நிலையத்துக்குப் போகிறேன். கல்லூரி ஏற்குமா என்ற கேள்வியை எழுதியே கொடுக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: பயிற்சியில் சேர்ந்தாலும் கணக்கைத் தனியாகத் தொடர முடியுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

கரும்பலகை

முடியும். சிக்கலெண்களிலிருந்து (கலப்பெண்கள், complex numbers) ஆரம்பியுங்கள். ஏசி சர்க்யூட்டில் பேஸ் கோணம் வரும் இடமெல்லாம் அது வரும். பிறகு வகையிடல், தொகையிடல். வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்கினால் போதும், ஆனால் விடாமல். இவ்வளவுக்குப் பிறகும், நல்ல கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தால் அங்கே போங்கள் என்றுதான் சொல்வேன்.

பேனல்போர்டு

நான் அப்போதும் பயிற்சி என்றுதான் சொல்வேன். சிக்கலெண்கள் விஷயத்தில் மட்டும் ஐயா சொல்வதைக் கேள். பவர் ஃபேக்டர் வேலைக்கு (வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனாகிறது என்ற கணக்குக்கு) அது இல்லாமல் நான் நிறையச் சிரமப்பட்டேன்.