ஆய்வு வினா எழுதச் சொன்னால் ‘காரணம் கூறு’ என்றே வருகிறது: பி.எட். மாணவர்களை எப்படிப் பழக்குவது?

சாக்குக்கட்டி:
இரண்டாமாண்டு பி.எட். மாணவர்கள் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குப் புறப்படும் நேரம். எட்டாம் வகுப்பு அளவில் தனி ஊசல் பற்றி ஆய்வு வினா (பிள்ளைகள் தாங்களே சோதித்து விடை தேடும் வினா) எழுதச் சொன்னால் இரண்டே வகைதான் வருகிறது. ஒன்று, ‘அலைவு நேரம் என்றால் என்ன?’ மற்றது, ‘ஊசல் ஏன் ஆடுகிறது?’ பாடக்குறிப்பின் மதிப்பீட்டுக் கட்டத்தில் எல்லாரும் ‘வினாக்கள் கேட்டு அறிதல்’ என்று எழுதிவிடுகிறார்கள். 45 நிமிட வகுப்பு, 40 பிள்ளைகள். இரண்டையும் எங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்?

நூலும்_நட்டும்:
வினாவிலிருந்து தொடங்காதீர்கள், பிள்ளைகள் தரப்போகும் விடையிலிருந்து தொடங்குங்கள். ‘இந்த வினாவுக்கு மூன்று பிள்ளைகள் மூன்று விதமாக என்ன சொல்வார்கள்?’ என்று பயிற்சி மாணவர் முதலில் எழுதட்டும். மூன்று விடை வரவில்லையென்றால் அது ஆய்வு வினா இல்லை. ‘என்றால் என்ன’ வகைக்கு ஒரே விடைதான், அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. ‘ஏன் ஆடுகிறது’ வகைக்கு வகுப்பில் அளக்க எதுவுமில்லை. ‘நீளம் மாறினால் நேரம் மாறுமா?’ என்பது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ‘மாறும்’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும்.

இப்படி மாற்றிப் பாருங்கள்: முதலில் 25 செ.மீ., 100 செ.மீ. ஊசல்களை அளக்கிறார்கள். 20 அலைவுகளுக்கு முறையே சுமார் 20 வினாடி, 40 வினாடி வரும். பிறகு வினா: ‘20 அலைவுகளைச் சரியாக 30 வினாடியில் முடிக்கும் ஊசலுக்கு நூல் எவ்வளவு நீளம் வேண்டும்?’

இங்கேதான் பிள்ளைகளின் சிந்தனை வெளியே தெரியும். 37.5 செ.மீ. என்பவர், நேரம் ஒன்றரை மடங்கானால் நீளமும் ஒன்றரை மடங்கு என்று நினைக்கிறார். கட்டிப் பார்த்தால் 24 அல்லது 25 வினாடிதான் வரும். 62.5 செ.மீ. என்பவர் இரண்டு நீளங்களுக்கும் நடுவைப் பிடித்தவர். அவருக்குச் சுமார் 32 வினாடி. உண்மையில் தேவைப்படுவது ஏறக்குறைய 56 செ.மீ. நேரம் இரண்டு மடங்காக நீளம் நான்கு மடங்காக வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லாமலே அவர்கள் தேடத் தொடங்குவார்கள்.

பள்ளிக்குப் போகுமுன் பயிற்சி மாணவர் தானே ஒருமுறை செய்து பார்த்தே ஆக வேண்டும். தவறும் இடங்கள்:
– நூலை விட்டதும் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் 19 அலைவுதான் ஆகியிருக்கும். ‘சுழி’ (பூஜ்யம்) என்று சொல்லி விடவேண்டும்.
– போய்த் திரும்பினால்தான் ஓர் அலைவு. பாதியை முழுதாக எண்ணும் குழுவுக்கு நேரம் சரிபாதியாக வரும்.
– நீளத்தை முடிச்சுவரை அளக்கக்கூடாது, குண்டின் நடுவரை அளக்க வேண்டும்.
– இழுத்துவிடும் கோணம் 10 பாகைக்குள் இருக்கட்டும்.

கரும்பலகை_ஓரம்:
மேலே சொன்னதோடு மதிப்பீட்டையும் சேர்த்துவிடலாம், தனியாக ஒன்று வேண்டியதில்லை. நீளத்தை ஊகிக்க 2 நிமிடம் கொடுத்து, ஆளுக்கொரு சீட்டில் பேனாவால் எழுதி வாங்குங்கள். இதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் சோதனை முடிந்ததும் பழைய எண்ணை அடித்துவிட்டு 56 என்று எழுதிவிடுவார்கள். எந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது என்ற தடயமே போய்விடும்.

ஐவர் வீதம் 8 குழு. ஒரே வகுப்பில் எட்டுக் குழுவிடமும் ஆறேழு அம்சங்களைக் கவனிக்கத் திட்டமிடுவதுதான் பயிற்சி மாணவர்கள் தவறாமல் செய்யும் பிழை. முடியாது. இரண்டு அம்சம் போதும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார்களா, அளவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்களா.

கடைசி 5 நிமிடத்துக்கு ஒரே வினா: ‘ஒரு குழு, நூலை மாற்றாமல், குண்டாகக் கட்டியிருந்த ஒரு நட்டுக்குக் கீழே மூன்று நட்டுகளைச் சங்கிலிபோல் கட்டியது. நேரம் கூடியது. எடை கூடினால் நேரம் கூடும் என்று எழுதியது. ஒப்புக்கொள்கிறாயா? காரணம் என்ன?’ சங்கிலியாகக் கட்டும்போது எடை மையம் கீழே இறங்கி ஊசலின் நீளமே கூடிவிடுகிறது. 25 செ.மீ. ஊசலில் 2 செ.மீ. நட்டுகள் என்றால் 20 அலைவுக்கு 1 வினாடிபோல வித்தியாசம் வரும். நீளம் என்றால் என்ன என்று உண்மையிலேயே பிடிபட்ட பிள்ளைதான் இதைச் சொல்லும்.

இந்தக் கடைசி வினாவின் விடையையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டுகளை மூன்று அடுக்காகப் பிரிப்பது 10 நிமிட வேலை: நீளம் மாறியதைக் கண்டவர், ‘எடை காரணமல்ல’ என்று மட்டும் சொன்னவர், ஒப்புக்கொண்டவர். மூன்றாவது அடுக்கு பெரிதாக இருந்தால், மறுநாள் நான்கு நட்டையும் ஒரே உயரத்தில் கொத்தாகக் கட்டி அளக்க வைக்க வேண்டும். பாடக்குறிப்பின் மதிப்பீட்டுக் கட்டத்தில் எழுத வேண்டியது இந்த ‘மறுநாள் என்ன’ என்பதைத்தான்.

சாக்குக்கட்டி:
மிக்க நன்றி. வளரறி மதிப்பீடு (அ), அதாவது பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளுக்கு மதிப்பெண் தரும் பகுதி, அதற்கு 10 மதிப்பெண் செயல்பாடாக இதைக் காட்ட வழிகாட்டி ஆசிரியர் கேட்டால்?

கரும்பலகை_ஓரம்:
தாராளமாகக் காட்டலாம். அட்டவணைக்கு 3, மற்றவற்றை மாற்றாமல் வைத்ததற்கு 3, அளவுகளைக் காட்டி விளக்கியதற்கு 4. விளக்கத்தை மட்டும் ஆளுக்கு ஆள் தனியாக எழுதி வாங்குங்கள். குழுவுக்கு ஒரே விளக்கம் என்றால் நன்றாக எழுதும் ஒரு பிள்ளையின் மதிப்பெண்தான் ஐவருக்கும் போகும்.

மூன்று_வினாடி:
ஒன்று விட்டுப்போயிற்று. வினா எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேட்ட உடனே ஆசிரியரே விடை சொன்னால் பயனில்லை. வினாவுக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் காத்திருக்கிறார்கள், 3 வினாடி காத்தாலே விடைகள் நீள்கின்றன என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். நுண்ணிலைக் கற்பித்தல் (சக மாணவர்கள் முன் பாடத்தின் சிறு பகுதியை நடத்திப் பழகுவது) நடக்கும்போது உடன்பயிலும் ஒருவரைக் கைப்பேசி நிறுத்து கடிகாரத்தோடு உட்கார வையுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை வினாடி என்று அவர் குறிக்கட்டும், வேறெதையும் அவர் கவனிக்க வேண்டாம்.