டிசைன் கோப்புகளுக்குச் சேமிப்பிடமும் பேக்கப்பும்: எப்படித் திட்டமிடுவது?

செவ்வாய்ப்பேட்டை டிசைனர்:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நானும் உதவிக்கு ஒரு தம்பியுமாக டிசைன் வேலை செய்து வருகிறோம். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், இளம்பிள்ளைச் சேலை வியாபாரிகளுக்கு அட்டைப்பெட்டி, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கேட்லாக் என்று எல்லாம் கலந்து வரும். கொலுசுகளை நாங்களே படம் பிடிப்பதால் கேமராவின் மூலப்படங்களான ரா கோப்புகளும் பல லேயர் கொண்ட பிஎஸ்டி (போட்டோஷாப்) கோப்புகளும் சேர்ந்து, கணினியில் உள்ள 512 ஜிபி எஸ்எஸ்டியும் வெளியே வைத்திருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் நிறைந்துவிட்டன. பழைய வேலைகளை அழிக்கவும் முடியாது. மூத்த பெண்ணுக்குப் பத்திரிகை அடித்தவர், இளையவளுக்கும் அதே டிசைனில் பெயரை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வருவது இங்கே வழக்கம்.

இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டியை (நெட்வொர்க் வழியாகக் கணினிகள் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) ரெய்டு முறையில் வைத்துக்கொண்டால் தனியாக பேக்கப் தேவையில்லை என்று கடையில் சொல்கிறார்கள். அது சரியா? அல்லது கூகுள் டிரைவ் மட்டுமே போதுமா?

கணினிக்காரன்:

சரியில்லை. ரெய்டு 1 என்பது ஒரே தகவலை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ஏற்பாடு. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காது; அதன் பயன் அவ்வளவுதான். கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும், பெட்டி களவு போனால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். இருவர் வேலை செய்யும் இடத்துக்கு நாஸ் பெட்டியே அவசரமில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் கீழே சொல்வதை முடித்துவிடலாம்.

நடப்பு வேலைக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சாதாரண சாட்டா இணைப்பைவிட வேகமான வகை) ஒன்று போடுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்பி வரையும், சாட்டா எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 எம்பியும் படிக்கும். என்விஎம்இ அதைப்போலப் பல மடங்கு வேகம். போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் இடமான ஸ்க்ராட்ச் டிஸ்க்கையும் அதிலேயே வைத்து, எப்போதும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். முடிந்த வேலைகள் 4 டிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். அதே அளவில் இன்னும் இரண்டு டிஸ்க் வாங்கி, நடப்பு வேலை, முடிந்த வேலை இரண்டையும் அவற்றில் மாற்றி மாற்றி நகல் எடுங்கள். நகல் எடுத்த கையோடு கேபிளைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் இணைப்பில் இல்லாத டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது. டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது.

மலைவாசி:

ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். மேலே சொன்னதோடு மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும். சித்திரை வைகாசியில் இடி மின்னலோடு கோடை மழை இறங்கும்போது, கரண்ட் போவதைவிட அது திரும்பி வரும் நொடிதான் ஆபத்து. கணினியும் வெளி டிஸ்க்கும் யுபிஎஸ் வழியாகவே ஓட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்தால் அந்தக் கோப்பு மட்டுமல்ல, சில சமயம் எந்தக் கோப்பு எங்கே என்று குறித்து வைக்கும் டிஸ்க்கின் அட்டவணையே குலைந்துபோகும்.

பிரதிகளில் ஒன்றை வேறு இடத்தில் வைப்பது என்றால் பக்கத்து அறையில் வைப்பதல்ல. உறவினர் வீடு ஏதேனும் ஏற்காட்டில் இருந்தால், 30 கிலோமீட்டர் தொலைவு நல்ல தொலைவுதான். ஆனால் இங்கே பனிமூட்டமும் ஈரமும் அதிகம் என்பதால், டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் அலமாரியில் கிடக்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும்.

பழைய டிடிபி:

யாரும் எழுத்துருவைப் பற்றிச் சொல்லவில்லையே! தமிழ் வேலையில் முதலில் காணாமல் போவது அதுதான். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் செய்த பத்திரிகையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "அருள்மிகு" இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும்தான் நிற்கும். கோப்பு முழுதாக இருந்தும் வேலை போனது போனதுதான். ஆகவே ஒவ்வொரு வேலையின் ஃபோல்டருக்குள்ளும் எழுத்துருவுக்கு ஒரு துணை ஃபோல்டர் வையுங்கள்.

இன்னொன்று: கோரல் டிராவின் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. எழுத்தைத் திருத்தக்கூடிய மூலக்கோப்பு ஒன்று, எழுத்தை கர்வ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்கிய பிரதி ஒன்று, அச்சுக்குக் கொடுத்த பிடிஎஃப் ஒன்று என மூன்றையும் வைத்துவிட்டால், எந்தக் கணினியில் திறந்தாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். ஃபோல்டர் பெயரை ஆண்டு, மாதம், வாடிக்கையாளர், வேலை என்ற வரிசையில் எழுதினால் தேடுவதும் எளிது.

செவ்வாய்ப்பேட்டை டிசைனர்:

மூவருக்கும் மிக்க நன்றி. கூகுள் டிரைவ் கேள்வி மட்டும் நிற்கிறது.

கணினிக்காரன்:

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி கேட்லாக் வேலைக்குக் காணாது. பணம் கட்டி 2 டிபி வாங்கினாலும் கணக்கைப் பாருங்கள்: உங்கள் இணைய இணைப்பின் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) என்றால், 1 டிபி ஏறுவதற்கு இடைவிடாமல் நான்கரை நாளுக்கு மேல் ஆகும். தவிர, அது ஒத்திசைவு; இங்கே அழித்தது அங்கேயும் குப்பைக்குப் போய், 30 நாளில் நிரந்தரமாக நீங்கிவிடும். எனவே எழுத்துருக்கள், பத்திரிகை மூலக்கோப்புகள், அச்சு பிடிஎஃப்கள் ஆகியவற்றை மட்டும் அங்கே ஏற்றுங்கள். கொலுசுப் படங்களின் ரா கோப்புகளை டிஸ்க்கிலேயே வையுங்கள். அப்புறம், மாதம் ஒருமுறை பேக்கப் டிஸ்க்கில் இருந்து ஏதாவது ஒரு பழைய வேலையை எடுத்து, தம்பியின் கணினியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.