மகள் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்குப் போக வேண்டும் என்கிறாள், அனுப்பலாமா?

ஆயர் ஈத்தாம் அப்பா:
என் மகள் பினாங்கில் படிவம் 6 (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கிறாள். நாங்கள் மருத்துவம் அல்லது கணக்கியல் என்று நினைத்திருக்க, அவளோ அமெரிக்காவில் ஏறக்குறைய 2,000 பேர் மட்டுமே படிக்கும் வில்லியம்ஸ் போன்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு, அதாவது கலை, அறிவியல் பாடங்களைக் கலந்து படிக்கும் இளங்கலைக் கல்லூரிக்கு, விண்ணப்பிக்கப் போகிறாளாம். எந்தத் துறை என்பதை இரண்டாம் ஆண்டின் முடிவில் சொன்னால் போதுமாம். இதற்கா இவ்வளவு பணம்?

பழைய மாணவி:
ஐயா, அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் படித்துவிட்டு இப்போது கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். வில்லியம்ஸில் டுட்டோரியல் என்றொரு வகுப்பு உண்டு: ஒரு பேராசிரியர், இரண்டே மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வர, மற்றவர் அதைக் குறைநிறை கண்டு பேசுவார்; மறுவாரம் இடம் மாறும். எங்கள் கல்லூரியிலும் ஏறக்குறைய அதே முறைதான். எஸ்.டி.பி.எம். (படிவம் 6 இறுதித் தேர்வு) பழக்கத்தில், மதிப்பெண் தரும் குறிப்புகளை வரிசையாக அடுக்கி என் முதல் கட்டுரையைக் கொண்டுபோனேன். உடன் படித்தவள் இரண்டாம் பத்தியில் பென்சிலை வைத்து, "இது உன் கருத்தா, புத்தகத்தின் கருத்தா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ஒளிந்துகொள்ளப் பின்வரிசையும் இல்லை. அந்தப் பருவம் முழுவதும் ஒவ்வொரு கட்டுரையையும் மூன்று முறையாவது திருத்தி எழுதினேன்.

செந்தூல் கணக்கர்:
தங்கை சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் தொழில் என்று வரும்போது கணக்கு வேறு. இங்கே எஸ்.டி.பி.எம். முடித்தவர் நேரே ஐந்தாண்டு மருத்துவப் படிப்பில் சேரலாம். அங்கே மருத்துவம் இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகே தொடங்குகிறது, அதிலும் வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. சிங்கப்பூரில் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்.யூ.எஸ்.) சேர்ந்து தொடங்கி, 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த யேல்-என்.யூ.எஸ். என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியை மூடப்போவதாக 2021-இல் அறிவித்தார்கள். 2025-இல் கடைசி அணி பட்டம் பெற்றதோடு அது முடிந்தது. பக்கத்து வீட்டிலேயே நிலைக்காததை நாம் ஏன் கடன் வாங்கித் தேட வேண்டும்?

பழைய மாணவி:
மருத்துவத்தைப் பற்றி அண்ணன் சொன்னதை மறுக்க மாட்டேன். டாக்டர் ஆவதே குறி என்றால் அங்கே போகவே வேண்டாம். சிங்கப்பூர் உதாரணம் மட்டும் பொருந்தாது. அக்கல்லூரியை மற்றொரு திட்டத்தோடு இணைத்து என்.யூ.எஸ். கல்லூரி என்று மாற்றினார்கள்; அது நிர்வாகத்தின் முடிவு, மாணவர்களின் தோல்வி அன்று. பணத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டு விண்ணப்பதாரரிடமும் குடும்ப வசதியைப் பாராமல் இடம் கொடுத்து, தேவை என்று கணக்கிட்ட தொகை முழுவதையும் ஈடுகட்டும் சில கல்லூரிகளில் ஆம்ஹர்ஸ்ட் ஒன்று. இடம் கிடைப்பதுதான் கடினம். ஒன்றை மறைக்கக் கூடாது: குளிர்கால விடுமுறையில் உணவுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், ஊருக்குப் போகப் பணமில்லாத நான் இரண்டு வாரம் விடுதி அறையில் ரைஸ் குக்கரும் ஊறுகாயுமாக ஓட்டினேன்.

செந்தூல் கணக்கர்:
உதவித்தொகையில் விமான டிக்கெட்டும் விடுமுறைச் செலவும் அடங்குமா என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள், ஐயா. வளாகத்தில் வேலை செய்தாலும், பருவம் நடக்கும்போது மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான்.

ஆயர் ஈத்தாம் அப்பா:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு அவளிடமே கேட்டேன். மருத்துவம் அவள் மனத்தில் இருந்ததே இல்லையாம். உயிரியலையும் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டுமாம். இத்தனை நாள் நாங்கள் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். முழு உதவித்தொகை வந்தால் அனுப்புகிறேன். வராவிட்டால் வீட்டிலிருந்தே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று பேசி முடித்திருக்கிறோம். அவளுடைய அம்மா மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.