ஏழுகல் தோட்டுக்கு ஆய்வக வைரம் வாங்கலாமா?

கேள்வி:
வரும் தை மாதம் என் மகளுக்குத் திருமணம். எங்கள் வீட்டு வழக்கப்படி அவளுக்கு ஏழுகல் வைரத்தோடு போட வேண்டும். சுரங்க வைரத்துக்குச் சொல்லும் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும் என்று கடைக்காரர் ஆய்வக வைரத் தோட்டைக் காட்டுகிறார். என் மாமியாரோ அதுவும் அமெரிக்கன் டைமண்ட் போன்ற போலிக் கல்தான், கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது என்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (கல் மதிப்பீட்டுப் பணியில் இருப்பவர்):
அம்மா, அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் அழைப்பது கியூபிக் சிர்கோனியா. அது வேறு பொருள். ஆய்வக வைரம் அப்படியல்ல. மெல்லிய வைரத் துண்டு ஒன்றை விதையாக வைத்து, மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைப் பிளாஸ்மாவாக்கி, அதிலிருந்து கரிமத்தை அடுக்கடுக்காகப் படியச் செய்வது சிவிடி முறை. பூமியின் ஆழத்தில் உள்ளதைப் போன்ற பெரும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் இயந்திரத்தில் உண்டாக்குவது எச்பிஎச்டி முறை. இரண்டிலும் கிடைப்பது வைரமே. கடினமும் ஒளிவிலகலும் சுரங்கக் கல்லுக்கு உள்ளவைதான். கடைகளில் கல்லின் மேல் வைத்துப் பார்க்கும் சிறு கருவி வெப்பம் கடத்துவதை மட்டுமே அளப்பதால் இரண்டையும் வைரம் என்றே காட்டும். வளர்ந்த விதத்தைப் பிரித்தறிய, புற ஊதா ஒளியில் தெரியும் வளர்ச்சிக் கோலங்களையும் நிறமாலையையும் பார்க்கும் ஆய்வுக்கூடக் கருவிகள் தேவை.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஏழுகல் தோட்டில் இரண்டு காதுக்கும் சேர்த்துப் பதினான்கு சிறு கற்கள். சிறு கற்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பவர் குறைவு என்பதால், சுரங்கக் கற்களோடு ஆய்வகக் கற்களைச் சொல்லாமல் கலந்துவிடும் வழக்கம் இத்தொழிலின் பெரிய தலைவலி. நீங்கள் எதை வாங்கினாலும், கல் எவ்வகை என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தங்கத்தின் மீதுள்ள ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சான்று. கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பதில் 2:
அவசரத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ உதவும் என்று எண்ணி வாங்குவதானால், தயவுசெய்து ஆய்வக வைரம் வேண்டாம். உற்பத்தி பெருகப் பெருக விலை சரிந்துகொண்டே வந்திருக்கிறது. சுரங்க வைரத்தின் பெரும் நிறுவனமான டி பீர்ஸே 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைர நகைகளைக் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கி, 2025-இல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தது. சுரங்க வைரத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் போட்ட பணம் முழுதாக வராது என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கேட்பார் உண்டு.

பதில் 3:
சுரங்க வைரத்தின் மறுபக்கத்தையும் மகளிடம் சொல்லுங்கள். வைர வணிகத்துக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்து 2003-இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி என்ற சான்றிதழ் ஏற்பாடு, அரசுகளை எதிர்க்கும் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத கற்களைத்தான் தடுக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் கூலியோ மண்ணுக்கும் நீருக்கும் நேரும் கேடோ அதன் வரையறைக்குள் வருவதில்லை. அதற்காக ஆய்வக வைரம் மாசற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அதை வளர்க்க மின்சாரம் மிகுதியாக வேண்டும், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. இத்தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே வளர்க்க 2023-இல் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாயை மத்திய அரசு ஒதுக்கியது, மாமியாருக்கு ஒருவேளை நம்பிக்கை தரலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பதில்கள் அனைத்தையும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். போலி இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் தாலி கட்டும் நேரத்தில் பேத்தியின் காதில் தம்முடைய பழைய தோடுதான் இருக்க வேண்டும் என்று அதையே எடுத்துத் தந்துவிட்டார். அலுவலகத்துக்குத் தினமும் அணிந்து செல்ல ஆய்வக வைரத்தில் ஒற்றைக்கல் தோடு வாங்குகிறோம், பற்றுச்சீட்டில் கல்லின் வகையை எழுதித் தரக் கடைக்காரரும் ஒப்புக்கொண்டார்.