சேதாரக் கணக்கில் ஒரு மில்லிகிராம்: போஸ்ட்கிரெஸ் செய்வது சரியா?

பாரிமுனைக் கணக்கர்:
சவுகார்பேட்டை நகைக்கடை ஒன்றுக்குப் பில் மென்பொருள் எழுதுகிறேன். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். எடைக்கான பத்தி நியூமெரிக்(10,3), அதாவது மொத்தம் பத்து இலக்கம், அதில் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று. சேதாரம் கணக்கிட தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவைத்த ஃபங்ஷனும் நியூமெரிக்(10,3) தரும் என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் 7.995 கிராமுக்கு 8.5 சதவீதம் கேட்டால் 0.679575 வருகிறது. போஸ்ட்கிரெஸ் அந்த அடைப்புக்குறியை வாங்கிக்கொண்டு, பிழையும் காட்டாமல் தூக்கி எறிகிறது. ஒரே எடையில் மூன்று மோதிரங்கள். பில்லில் தலா 0.680. மொத்தம் 2.040 வர வேண்டும், முழுமையாக்காத எண்களைக் கூட்டுவதால் அச்சாவதோ 2.039. கால்குலேட்டரோடு நிற்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

தரமணி வாசி:
இதை யாரும் மறைக்கவில்லை ஐயா, போஸ்ட்கிரெஸ் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். (10,3) என்பது பத்தியின் வாசலில் நிற்கும் காவல். எண்ணுடன் கூடவே அலையாது. எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பது கடைக்காரரின் முடிவு. அதை ரவுண்ட் போட்டு வெளிப்படையாக எழுதுங்கள். கணக்கு நெடுகத் துல்லியத்தைச் சுமக்கும் எஸ்கியூஎல் சர்வர் என்ற வேறொரு தரவுத்தளத்தில், நியூமெரிக் போன்ற வகையான டெசிமல்(38,10) இரண்டைப் பெருக்கினால் கிடைப்பது டெசிமல்(38,6). தசமத்தில் நான்கு இலக்கம் போயிற்று. அதைவிட இது எவ்வளவோ மேல்.

பாரிமுனைக் கணக்கர்:
பெருக்கலில் முழுத் துல்லியம் இருக்கட்டும், மறுக்கவில்லை. மதிக்கப்போவதில்லை என்றால் ஃபங்ஷனில் அதை எழுத ஏன் விட வேண்டும்? அதே ஃபங்ஷனுக்குள் நான் அறிவிக்கும் மாறி (வேரியபிள்) அந்த (10,3)ஐ மதிக்கிறது, திருப்பித் தரும் மதிப்பு மதிப்பதில்லை! இன்னொன்று: செலக்ட் (தரவை எடுக்கும் கேள்வி) விடையிலிருந்து அட்டவணை உருவாக்கினால், பெருக்கி வந்த தொகை அடைப்புக்குறி இல்லாத வெறும் நியூமெரிக் ஆகிவிடும். அதை மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துக்கு மாற்றும்போது வெறும் டெசிமல் என்று எழுதினால் அங்கே அதற்குப் பொருள் டெசிமல்(10,0). பைசா முழுவதும் போய்விடும். தவறான தரவை மறுக்கும் கடுமையான முறையில் ஓட்டினாலும் ஒரு குறிப்பு மட்டுமே வரும், பதிவு நிற்காது.

தரமணி வாசி:
அட்டவணை மாற்றும்போது வகையைக் கையால் எழுதாதவர் மீது குறை சொல்லுங்கள். எஸ்கியூலைட்டில் டெசிமல்(10,3) என்று எழுதினாலும் எண்ணைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு வழக்கம்.

வேளச்சேரி வாணி:
கணக்கரே, நியூமெரிக்(10,3) மேல் 'எடை' என்று ஒரு டொமைன் (நாமே பெயரிடும் தரவு வகை) உருவாக்கி, ஃபங்ஷன் அந்த 'எடை'யைத் தருவதாக எழுதுங்கள். டொமைனுக்குள் இருக்கும் அடைப்புக்குறியை அது விடாது, 0.680 வரும். ஆனால் இரண்டு எடைகளைப் பெருக்கினால் மறுபடி வெறும் நியூமெரிக்தான்.

பாரிமுனைக் கணக்கர்:
நன்றி அம்மா, டொமைனுக்கே மாற்றிவிடுகிறேன். ஆனாலும் தரமணி ஐயாவோடு உடன்பட மாட்டேன். ஃபங்ஷன் உருவாக்கும்போது ஒரு வரி எச்சரிக்கை தந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?